பவுனோ பவுண்டோ

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் கணபதியில் ஒரு ஃபோம் மெத்தைக் கடையில் வேலை பார்த்தேன். பில் போடுவது, ஃபோன் எடுப்பது, ஆர்டர் குறிப்பது எல்லாம் என் பொறுப்பு. வாடிக்கையாளர்களிடம் பேசி விற்பது அவர் பொறுப்பு. முதலாளி கோட்டைமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பாய் என்று கூப்பிடுவோம். விற்பனை பார்த்த அவரோ துடியலூர்ப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மணி என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாற்காலிக் கம்பெனிக்காரர் ஒருவர் முதல் நாளே அவர் பெயரைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் கடைக்கு வரும்போதெல்லாம் வேறு ஒருவருடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். இவரும் "ஏனுங்க" என்று சிரித்த முகத்தோடு திரும்புவார்.

"எம் பேரு அதில்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"இத்தனை நாளு கூப்பிட்டுப்போட்டாருங்க அம்மணி. இப்பப் போயிச் சொன்னா அவருக்குச் சங்கடமாயிருமல்லங்க."

இதுதான் அவர். யாரையும் திருத்தமாட்டார். யாரிடமும் ஒன்றை இரண்டாம் முறை கேட்கமாட்டார். காதில் விழுந்தது பாதியோ முக்காலோ, அதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். மறுபடி கேட்டால் எதிரில் இருப்பவர் சரியாகச் சொல்லவில்லை என்று குற்றம் சொன்னதாக ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள் மீசை இல்லாமல் கடைக்கு வந்தார். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. சலூனில் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்ததாம். முடி வெட்டுகிறவர் ஏதோ கேட்டிருக்கிறார். இவர் தலையை ஆட்டியிருக்கிறார்.

"என்ன கேட்டாருன்னு திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?"

"சரியாக் காதுல உளுகலீங்க. மறுக்கா எப்படீங்க கேக்கறது? கையில கத்திய வெச்சுட்டு நின்னுட்டு இருக்கறாரு."

இன்னொரு முறை, அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவரைத்தான் பெரிய மனிதராக முன்னால் அனுப்பினார்கள். போய், இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். "கேட்டனுங்க. ஏதோ சொன்னாங்க, சரியா வெளங்கலை. நல்ல மருவாதையான குடும்பம்," என்றாராம். மறுநாள் அவர் மனைவி கடைக்கு வந்து, என் மேஜை முன்னால் நின்று, அவர் காதில் விழும்படியே சொன்னார்: "இவரைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்குதே கண்ணு. ஊட்டுல உப்பில்லைன்னாலும் சொல்லமாட்டாரு. உப்புக் கரிச்சாலும் சொல்லமாட்டாரு."

வீட்டில் அது உப்போடு போகும். எங்கள் தொழிலில் அப்படிப் போகாது. ஃபோம் கடையில் ஒரு எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். அதை டென்சிட்டி என்போம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஃபோம் கட்டி எத்தனை கிலோ எடை இருக்கிறதோ அதுதான் அந்த எண். பதினெட்டு என்றால் பெட்டிக்குள் சாமான் உடையாமல் வைக்கிற லேசான சரக்கு. இருபத்தெட்டு சாதாரண மெத்தை. நாற்பது என்றால் கனமான ஆள் தினமும் உட்கார்ந்தாலும் தாங்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறவர்களையும் ஏமாற்றிவிடும். உடம்பு போய்ப் படுத்தால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் சில நாள் கழித்து.

வெளிநாட்டு வழக்கம் வேறு. அவர்கள் ஒரு கனஅடி ஃபோமை எடுத்து, அது எத்தனை பவுண்டு என்று பார்ப்பார்கள். குன்னூர் கிளப்பிலிருந்து பழைய சோபாக்களுக்கு ஃபோம் கேட்டு ஆள் வந்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. "ரெண்டு பவுண்டு ஃபோம் வேணும்னு செக்ரட்டரி சொல்லியிருக்காரு," என்றார் வந்தவர். எங்கள் அண்ணன் "சரீங்க, இருக்குதுங்க" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாக, "ரெண்டு பவுண்டு ஃபோம்னா என்னங்க அம்மணி?" என்றார்.

"வந்தவருகிட்டயே கேட்டிருக்கலாமில்லைங்களா?"

"அவரே செக்ரட்டரி சொன்னதைத் திருப்பிச் சொல்றாருங்க. அவருக்குத் தெரியலைன்னா மொகம் சின்னதாப் போயிருமுங்க."

நான்தான் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கனமீட்டருக்குள் முப்பத்தைந்து கனஅடியும் கொஞ்சமும் அடங்கும். ஒரு கிலோ என்பது இரண்டு பவுண்டும் கொஞ்சமும். அதை இதால் வகுத்தால் பதினாறு வருகிறது. ஆக அவர்கள் எண்ணைப் பதினாறால் பெருக்கினால் நம் எண். இரண்டு பவுண்டு ஃபோம் நம்முடைய முப்பத்திரண்டு. அவ்வளவுதான். பாய் கூட, "இவ்வளவு சுலபமாம்மா?" என்று ஆச்சரியப்பட்டார். குன்னூர் ஆர்டர் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பாராட்டுக்கூட வந்தது.

அதில் வந்தது வினை. "பாத்தீங்களா அம்மணி, ஆரையும் சங்கடப்படுத்தாமயே தெரிஞ்சுக்கிட்டோம்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, நாளைக்கு ஒருத்தர் வெறும் எண்ணை மட்டும் சொல்லுவாங்க. கிலோக் கணக்கா, பவுண்டுக் கணக்கான்னு அவங்களைக் கேட்டாத்தான் தெரியும். கால்குலேட்டரு அதைச் சொல்லாதுங்க."

"சரீங்க, கேக்கறேனுங்க," என்றார்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. அவர் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தார். கொஞ்சம் கனத்த உடம்பு. எழுந்து நடக்க மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் மகள் அமெரிக்காவில் நர்ஸ். தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் போடுகிற மெத்தையைப் போலவே அம்மாவுக்கும் வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. புள்ளை உங்களுக்கே ஃபோன் பண்ணிச் சொல்லும். அது சொல்றபடி செஞ்சு குடுத்துருங்க," என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண் ஃபோன் செய்த நேரத்தில் நான் பாங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஆர்டர் நோட்டில் 'கோபி, 28' என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

"என்னங்க அண்ணா, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு இருபத்தெட்டுதான் சொன்னாங்களா? நாப்பதாவது வேண்டாமா?"

"அந்தப் புள்ளையே சொல்லுச்சுங்க. டூ எய்ட்டுன்னு."

"கிலோதானுங்களே?"

"நர்சு புள்ளைங்க. அதுக்குத் தெரியாதுங்களா?"

நர்ஸ் என்றதும் நானும் அதோடு விட்டுவிட்டேன். மெத்தை தயாராகி, மேலே ரெக்சின் உறை போட்டு, வேனில் கோபிக்குப் போனது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் அக்கறையில்லாத ஆள் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து கோபிப் பக்கம் ஒரு சீர் விசேஷத்துக்குப் போனவர், யாரும் சொல்லாமலே பஸ் மாறி அந்தத் தோட்டத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். எந்தக் கடைக்காரர் அப்படிப் போவார்? வந்து மகிழ்ச்சியாகச் சொன்னார்: "அந்த அம்மாகிட்டயே கேட்டனுங்க. நல்லா இருக்குதுங்க, சௌகரியமா இருக்குதுங்கன்னாங்க. மோரு குடுத்து அனுப்புனாங்க."

அதற்கடுத்த வாரம் ஃபோன் மணி அடித்தபோது நான்தான் எடுத்தேன். அமெரிக்காவிலிருந்து அந்தப் பெண். குரல் உடைந்திருந்தது.

"அம்மாவுக்கு முதுகுக்குக் கீழ புண்ணு வந்துருச்சுங்க. கட்டுப் பிரிக்க வந்த கம்பவுண்டர் பாத்துச் சொல்லித்தான் எங்க அப்பாவுக்கே தெரிஞ்சிருக்குது. நான் சொன்ன ஃபோம்தான் போட்டீங்களா?"

"இருபத்தெட்டு போட்டிருக்கோமுங்க."

"இருபத்தெட்டா? நான் சொன்னது டூ பாயிண்ட் எய்ட். ரெண்டு புள்ளி எட்டு பவுண்டு."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினேன். இரண்டு புள்ளி எட்டைப் பதினாறால் பெருக்கினால் நாற்பத்தைந்துக்கு ஒரு மயிரிழை குறைவு.

"எங்க கணக்குல அது நாப்பத்தஞ்சுங்க," என்றேன்.

"அப்ப இப்ப போட்டிருக்கறது எங்க கணக்குல எவ்வளவு?"

இருபத்தெட்டைப் பதினாறால் வகுத்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஒன்னே முக்கால் பவுண்டுங்க."

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "அது அம்மா எடைக்கு அடி வரைக்கும் அமுங்கியிருக்குமுங்க. வெறும் பலகையில படுத்த மாதிரி. புரட்டிப் புரட்டிப் படுக்க வெக்கச் சொல்லியிருக்கறேன். சீக்கிரம் மாத்திக் குடுத்துருங்க, ப்ளீஸ்," என்று வைத்துவிட்டாள்.

அவர் ஷட்டர் பக்கம் தலையணை வாங்க வந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை கூட என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஃபோன்ல பவுண்டுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா இல்லையா?"

"சொல்லுச்சுங்க... லைன்ல ஒரே எரைச்சலுங்க. பாயிண்ட்டுங்கறது காதுல உளுகவே இல்லீங்க. பவுனுன்னுதான் எனக்குக் கேட்டுது."

"பவுனா?"

"அம்மாவுக்கு, மெத்தை, பவுனு, அப்பிடித்தான் உளுந்துதுங்க. தாயோட நகையக் கிகைய வித்துச் செய்யறாங்களோன்னு நெனைச்சுப்போட்டேன். அதப் போயி எப்படீங்க மறுக்கா கேக்கறது? பவுனோ பவுண்டோன்னு ஒரு சந்தேகம் வந்துதுங்க. ஆனா நகையப் பத்திப் பேசறப்ப..."

சந்தேகம் வந்திருக்கிறது. அதுதான் என்னை எரித்தது. தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சந்தேகம் வந்தும், ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும், கடல் தாண்டி இருக்கிற ஒரு பெண்ணின் மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இங்கே ஒரு தாயின் முதுகு புண்ணாகிப் போயிருக்கிறது. என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். "உங்க மரியாதைய வெச்சுக்கிட்டு அந்த அம்மா புண்ணுக்கு மருந்து போட முடியுமா?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்கும் அவர் எதிர்த்துப் பேசவில்லை. "தப்புத்தானுங்க அம்மணி," என்றார். சண்டை போடக்கூட ஒத்துழைக்காத மனிதர்.

பாய் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃபோம் தயாரிக்கிற இடத்துக்கே ஃபோன் போட்டார். நாற்பத்தைந்து எங்களிடம் இருப்பு இல்லை. "நாளைக்குக் காலைல பிளாக் இங்க இருக்கணும். படுத்திருக்கற பொம்பளைக்குப்பா," என்றார். வந்தது. அளவுக்கு அறுத்து, மெத்தையாக்கி, மத்தியானம் வேனில் ஏற்றினோம். அந்த அம்மாவிடம் பேச ஒரு பெண் இருந்தால் நல்லது என்று பாய் என்னையும் போகச் சொன்னார். அண்ணன் ஃபோம் அறுக்கிற நீளக் கத்தியையும் கொஞ்சம் மிச்சத் துண்டுகளையும் தானாகவே எடுத்துக்கொண்டார்.

வாழைத் தோப்புக்கு நடுவில் வீடு. தோட்டக்காரர் எங்களை வாங்க என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனார். அவருக்கும் கோபம் இருந்தது, ஆனால் வந்தவர்களிடம் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. "தண்ணி குடிங்க மொதல்ல," என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க தம்பி, இந்த வெயில்ல மறுக்காவும் வந்திருக்கறீங்களே," என்று சிரித்தார். தோட்டத்தில் வேலை செய்கிற இரண்டு பெண்களும் தோட்டக்காரரும் போர்வையோடு அவரைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். காலியான மெத்தையில் அந்த அம்மா படுத்திருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அண்ணன் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை நேராகக் கட்டில் பலகையில் போய் இடித்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்.

புது மெத்தையைப் போட்டு அந்த அம்மாவைத் திரும்பப் படுக்க வைத்தார்கள்.

"இப்ப எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார் அண்ணன்.

"நல்லா இருக்குதுங்க தம்பி."

"சரீங்க. வாரோமுங்க," என்று கும்பிட்டுத் திரும்பினார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பலகையில் கை இடித்ததைப் பார்த்த பிறகும் அதே ஒற்றைக் கேள்வி, அதே பதில், அதே கும்பிடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நிலைப்படியில் நின்றுவிட்டார். திரும்பிக் கட்டிலுக்கு வந்தார். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"மறுக்கா கேக்கறேனுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. நெசமாவே நல்லா இருக்குதுங்களா? எங்காச்சும் வலிக்குதுங்களா?"

அந்த அம்மா அவரைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"எரியுதுங்க தம்பி. இடுப்புக்குக் கீள. தீயில கெடக்கற மாதிரி எரியுது."

"எப்ப இருந்துங்க?"

"மொத மெத்தை வந்து ரெண்டு மூணு நாள்லயே. அன்னைக்கு நீங்க வந்து கேட்டப்பவும் இருந்துது. எங்களப் பாக்கறதுக்குன்னு பஸ்சேறி வந்த மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது?"

தோட்டக்காரர் கட்டிலுக்குக் கிட்டே வந்தார். "ஏம்மா, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல? நாந்தான் தெனமும் கேட்டனே, எப்படியிருக்குதுன்னு?"

"ஒருக்காத்தானுங்க கேட்டீங்க," என்றார் அந்த அம்மா. "தெனமும் ஒருக்காக் கேப்பீங்க. நல்லா இருக்குதும்பேன். நீங்க தோட்டத்துக்குப் போயிருவீங்க."

பிறகு அண்ணன் தரையில் உட்கார்ந்து, கொண்டு வந்த துண்டுகளை அறுக்க ஆரம்பித்தார். முழங்காலுக்கு அடியில் வைக்க ஒன்று, ஒருக்களித்தால் முதுகுக்கு முட்டுக் கொடுக்க ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் இருக்க ஒன்று. ஒவ்வொன்றையும் நான் வைத்துப் பார்த்தேன். வைத்ததும் அவர் கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்று வந்தது. மறுக்கா கேட்டார். "சித்த ஒசரமா இருக்குதுங்க" என்று வந்தது. எடுத்து அறுத்தார். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது கேள்விக்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டது, யாரிடமோ கடன் கேட்கப் போகிறவர் போல இருந்தது.

புண் ஆற நாளாயிற்று. ஆறியது. அடுத்த பொங்கலுக்கு அந்த அம்மா கோலூன்றி வாசல் வரை நடந்ததாகத் தோட்டக்காரர் ஒரு வாழைத்தாரோடு கடைக்கு வந்து சொன்னார். மெத்தையால் மட்டும்தான் புண் வந்தது என்றும், மெத்தையால் மட்டும்தான் ஆறியது என்றும் நான் சொல்லமாட்டேன். புரட்டிப் படுக்க வைத்ததும் மருந்தும் சேர்ந்துதான். ஆனால் அந்த மூன்று வாரத்து எரிச்சல் வந்திருக்கவே வேண்டாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது அவர் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சத்தி ரோட்டில் புளிய மரங்களின் நிழல் அவர் சட்டை மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேன் அன்னூரைத் தாண்டியது.

"இனிமேலாவது கேப்பீங்களா அண்ணா?" என்றேன்.

"கேக்கறேனுங்க அம்மணி," என்றார் உடனே.

கொஞ்ச தூரம் போனது. நான் மறுபடி கேட்டேன். "நெசமாவே கேப்பீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகு நேரம் கழித்து, "தெரியலீங்க," என்றார்.